என் பெயருக்கு நின்றவள்

எங்கள் குப்பத்து மகளிர் குழுவுக்கு மனு எழுதிக் கொடுப்பவள் நான். தெருவிளக்கு எரியவில்லை, படகுத்துறையில் மண் மேடிட்டுவிட்டது என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். இது மனு இல்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றிக்கொண்டு, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நாற்றம் அதிகம். மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். வீட்டுக்காரர் சேகர் ஏரியில் வலை போடுகிறார். நான் இறாலும் நண்டும் கூடையில் எடுத்துப்போய்ப் பொன்னேரி மார்க்கெட்டில் விற்கிறேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பதினேழு வருடமாகப் பார்த்து வருகிறேன். அழுகின நண்டைக் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு, அந்தக் கையைக் கழுவி டீ குடிக்கிறவள் நான். எனக்கே அருவருப்பு வரும் என்று நினைத்ததில்லை.

வந்தது என் ரத்தத்தின் மேல்தான். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு மாதத்தில் பாதி நாள் நிற்காமல் போனது. கட்டி கட்டியாக விழும். பாயை நனைத்தது, புடவையை நனைத்தது, ஒருநாள் பஸ் சீட்டையும் நனைத்தது. இறங்கும்போது கூடையால் மறைத்துக்கொண்டு இறங்கினேன். மார்க்கெட்டில் ஈ மொய்த்தால் அது மீனுக்கு வந்ததா எனக்கு வந்ததா என்று தெரியாமல் கூசிப்போவேன். என் உடம்பை எனக்கே தொடப் பிடிக்கவில்லை. தனம் அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

தனம் அக்கா என் ஓரகத்தி, சேகருடைய அண்ணன் பெண்சாதி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேரும் ஆறு மாத இடைவெளியில் இந்த வீட்டுக்கு வாழ வந்தவர்கள். என் துணியைப் பார்த்தவுடனே கத்தினாள்.

"இன்னாடி இது, ஆடு அறுத்த மாறி கீது! கெளம்புடி ஆஸ்பத்திரிக்கு."

"சீசன்க்கா. யாவாரம் கெட்டுப்பூடும்."

"நீ பூட்டினா யாரு யாவாரம் பாப்பா?"

அப்போதும் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் எடை போட எழுந்தவள் நண்டுக் கூடையின் மேலேயே விழுந்தேன். பொன்னேரியில் பார்த்த டாக்டர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சதைக்கட்டி என்று தெரிந்தது. புற்று இல்லை, ஆனால் ரத்தம் நிற்காமல் போகிறது, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஐம்பது வயதிருக்கும், அலட்டிக்கொள்ளாத பெண். ஆனால் ஆபரேஷனுக்கு என்னிடம் ரத்தம் இல்லை. மூச்சுக்காற்றை உடம்பெங்கும் சுமந்து போகிற சிவப்புச் சத்துக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். பன்னிரண்டாவது இருக்க வேண்டியது எனக்கு நாலரை இருந்தது.

"இப்படியே கத்தி வெச்சா டேபிள்லயே போயிடுவீங்க. முதல்ல ரெண்டு மூணு யூனிட் ரத்தம் ஏத்தணும். சீக்கிரம். தினமும் போற ரத்தத்துக்கு ரொம்ப நாள் தாங்காது" என்றார்.

வார்டைப் பற்றி என்ன சொல்ல? கக்கூஸ் வாசலில் பஞ்சும் துணியும் குவிந்து கிடக்கும். வாளியில் யாரோ சோறு கொட்டியிருப்பார்கள், அதன் மேல் யாரோ துப்பியிருப்பார்கள். பினாயில் ஊற்றுவார்கள், அந்த நாற்றத்தோடு இந்த நாற்றமும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அழுகின மீனுக்காவது ஒரு நேர்மை உண்டு. பக்கத்துக் கட்டில் அம்மாள் நான் மீன்காரி என்று தெரிந்ததும் சென்ட் போட்ட கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். அவள் கட்டிலுக்கு அடியில் மூன்று நாளாக மூத்திரப் பாத்திரம் கிடந்தது. நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அம்மா, கர்ச்சீப்பைக் கொஞ்சம் கீழேயும் காட்டுங்கள் என்று. அப்புறம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

தனம் அக்கா என்னோடு தங்கினாள். என் துணிகளை அந்தக் கக்கூஸில் உட்கார்ந்து அலசினாள். நான் பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் மூக்கைச் சுளித்து நான் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

ரத்த வங்கியில் என்ன குரூப் என்று கேட்டார்கள். சேகர் என் மீனவர் அட்டையை நீட்டினார். ஏ பாசிட்டிவ் என்று அச்சடித்திருந்தது. எங்கள் குப்பத்தில் அந்தக் குரூப் பத்துப் பேருக்காவது இருக்கும், யாராவது வந்து கொடுக்கட்டும் என்று சேகர் போன் போட்டார். அப்போதுதான் ஊரில் எத்தனை நோயாளிகள் என்று தெரிந்தது. ஒருத்தனுக்கு பிரஷர், ஒருத்தனுக்கு சுகர், ஒருத்தன் ரத்தம் கொடுத்தால் வலை இழுக்கத் தெம்பு போய்விடும் என்றான். போன மாதம் என் வீட்டில் உட்கார்ந்து நண்டு நண்டாக உடைத்துத் தின்ற சேகருடைய மாமா, அமாவாசை கழிந்து வருகிறேன் என்றார். தூ என்றிருந்தது எனக்கு.

ஆனாலும் நான்கு பையன்கள் வந்துவிட்டார்கள். அதற்குள் ரத்த வங்கி டெக்னீஷியன் கையில் காகிதத்தோடு என் கட்டிலுக்கே வந்துவிட்டார்.

"உங்களுக்கு ஏ பாசிட்டிவ் இல்லம்மா. ஏ நெகட்டிவ்."

"அட்டைல போட்டுக்கீதே சார்" என்றார் சேகர்.

"அட்டை எது வேணா சொல்லும். நாங்க சொட்டைத்தான் பார்ப்போம். ரெண்டு தடவை பார்த்தாச்சு."

எனக்கு அன்றைக்குத்தான் இந்த விஷயமெல்லாம் தெரிந்தது. டாக்டரம்மா சொன்னதை என் புத்திக்கு எட்டிய வரையில் சொல்கிறேன். ரத்தத்தின் சிவப்பு அணுக்களின் மேல் சில அடையாளங்கள் இருக்கின்றன. ஏ என்ற அடையாளம் இருந்தால் ஏ குரூப், பி இருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லாவிட்டால் ஓ. இது ஒரு கணக்கு. இதற்குத் தனியாக, ஆர்எச் என்று இன்னொரு அடையாளம். அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். பரிசோதனை மருந்தில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால், அடையாளம் இருக்கிற ரத்தம் திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாகிவிடும். இல்லாத ரத்தம் வழவழவென்று அப்படியே இருக்கும். தன்னிடம் இல்லாத அடையாளத்தோடு வேறு ரத்தம் உள்ளே வந்தால் உடம்பு அதை எதிரி என்று அடித்து உடைக்கும். உடைந்தது சிறுநீரகத்தில் போய் அடைக்கும். ஆள் போய்விடலாம். எனக்கு ஏ நெகட்டிவ் ஏற்றலாம், ஓ நெகட்டிவ் ஏற்றலாம். பாசிட்டிவ் எதுவும் கூடாது. நெகட்டிவ்காரர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. வந்த நான்கு பையன்களும் என் கட்டிலைச் சுற்றிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

அப்போது தனம் அக்கா துள்ளி எழுந்தாள்.

"டாக்டரம்மா, எனக்கு ஏ நெகட்டிவ்! என் அட்டையில கீது. எடுத்துக்கோங்க, எவ்ளோ வேணா எடுத்துக்கோங்க."

ஊசியைக் கண்டால் ஊரைவிட்டு ஓடுகிறவள் அவள். அன்றைக்கு ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். சேகர் அவள் காலில் விழாத குறை. நான் கட்டிலில் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். அழைத்துக்கொண்டு போனார்கள். அரைமணி நேரம் பிழைத்துவிட்டேன் என்று நம்பிக் கிடந்தேன்.

திரும்பி வந்தவள் முகம் சரியில்லை. டெக்னீஷியன் கையில் இரண்டு அட்டைகளையும் வைத்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கு ஏ பாசிட்டிவ். என்னம்மா உங்க ஊர்ல, எல்லா அட்டையும் தலைகீழாவா இருக்கும்?"

தனம் அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை போடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்தவனுக்குக் காய்ச்சல் என்றால் அண்ணனோ தம்பியோ அவன் பெயருக்குப் போய் நிற்பான். பெயர் கூப்பிட்டதும் "ஆங்" என்று ஓர் ஆள் குரல் கொடுத்தால் போதும். பாடு பெயருக்குத்தான், நிற்கிறவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. இதே பழக்கத்தை ரேஷன் வரிசைக்கும் வைத்துக்கொண்டோம், ஊர்க்கூட்டத்துக்கும் வைத்துக்கொண்டோம். நாங்கள் வாழ வந்த புதிதில் மீனவர் அட்டைக்கென்று ரத்தம் பார்க்க முகாம் போட்டார்கள். பெயர் எழுதிய சீட்டோடு போனால் விரலில் குத்துவார்கள். என் சீட்டுக்கு முதல் நாள், தனம் அக்கா சீட்டுக்கு மறுநாள். முதல் நாள் நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். என் பெயருக்கு அவள் விரலை நீட்டினாள். ஒருதரம் குத்திக்கொண்டதே போதும் என்றாள் அவள், மறுநாள் அவள் பெயருக்கு நான் நீட்டினேன். அட்டைகள் வந்தன. பெட்டியில் வைத்தோம்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். மறுநாள் டாக்டரம்மா இன்னொரு காகிதத்தோடு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க ரத்தத்துல பாசிட்டிவுக்கு எதிர்ப்பு ஏற்கெனவே உண்டாகியிருக்கு. இதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"இல்லீங்க."

"எத்தனை பிரசவம்?"

"மூணு."

முதல் பெண் யமுனா, பதினைந்து வயது, நன்றாக இருக்கிறாள் என்றேன். இரண்டாவது பையன் மஞ்சளாகப் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டான். மூன்றாவதும் பையன். எட்டாம் மாதம் வயிற்றிலேயே அசைவு நின்றுவிட்டது. வெளியே எடுத்தபோது உடம்பெல்லாம் நீர்கோத்து ஊதியிருந்தது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"முதல் குழந்தை பிறந்ததும் ஒரு ஊசி போட்டிருக்கணுமே. மூணு நாளுக்குள்ள. போட்டாங்களா?"

என்ன ஊசி என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். முதல் குழந்தை தப்பித்துவிடும். ஆனால் தாயின் உடம்பு அந்த ரத்தத்தை எதிரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்து வரும் பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்தை வயிற்றுக்குள்ளேயே உடைக்கும். அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் தடுப்பதற்குத்தான் ஊசி. பாசிட்டிவ்காரிக்கு அது தேவையில்லை. என் அட்டை என்னைப் பாசிட்டிவ்காரி என்றது. பிரசவம் பார்த்த இடத்தில் குரூப் கேட்டபோது நான்தான் அதைப் பெருமையாக எடுத்து நீட்டினேன்.

நான் தலையைத் திருப்பித் தனம் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

"அந்த ஊசி... எனக்குப் போட்டாங்க" என்றாள். "ரெண்டு புள்ளைக்கும் போட்டாங்க. நீ நெகட்டிவ்வு, போட்டே ஆவணும்னு சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு மெட்ராஸ் வரிக்கும் போயி வாங்கினு வந்தாரு."

எனக்குப் போட வேண்டிய ஊசி இரண்டு தரம் அவள் உடம்பில் போனது. அவளுடைய பையன்கள் இரண்டு பேரும் இப்போது அப்பனைவிட உயரம். என்னை ஊர்ப் பெண்கள் புள்ளையைத் துன்ற வயிறு என்றார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நானும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பி, சொந்த வயிற்றைப் பதிமூன்று வருடம் வெறுத்தேன். எல்லாம் ஒரு விரல் குத்தலுக்கு.

அன்றைக்கு மதியம் தனம் அக்கா கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் வாயருகே கொண்டுவந்தாள். தட்டிவிட்டேன். கஞ்சி அவள் புடவையெல்லாம் தெறித்தது.

"உன் கையால வேணாம். எதிர்ல நிக்காத, போ."

அவள் போகவில்லை. கஞ்சியைத் துடைத்தாள். பிறகு நான் நனைத்துவைத்திருந்த துணியை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனாள். அவள் அலசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் மேல் எவ்வளவு அருவருப்போ அவ்வளவும் என் மேலும் இருந்தது. அவளைத் துரத்தினால் அந்தத் துணியை யார் தொடுவார்கள் என்றும் ஒரு மனம் கணக்குப் போட்டது.

நான்கு நாள் ரத்தம் கிடைக்கவில்லை. பல் ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. பேசினால் மூச்சு வாங்கியது. யமுனா வந்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகம் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறதே என்று தடவித் தடவிப் பார்த்தாள். "நைனா சாப்டாரா?" என்று கேட்பதற்குள் எனக்கு இரைத்தது. இவளைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்று பயந்தேன். அழவும் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் காலையில் இரண்டு யூனிட் வேறொரு ரத்த வங்கியிலிருந்து வந்தது. மூன்றாவது, ஒரு மனிதரிடமிருந்து. அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் பயிரிடுகிறவர். ரத்த வங்கிப் பட்டியலில் பெயர் இருந்ததாம். கூப்பிட்டதும் ரயிலேறி வந்துவிட்டார். கொடுத்துவிட்டு என்னை ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பண்றீங்கம்மா?"

"மீன் விக்கிறேங்க."

"எங்க வீட்ல மீன் வாசமே ஆவாது" என்று சிரித்தார். "என் ரத்தம் இனிமே பழகிக்கட்டும்."

அவர் போனதும், அமாவாசை கழிந்து பார்க்க வந்திருந்த சேகருடைய மாமா காதருகே குனிந்து, "அந்த ஆளு இன்னா ஜாதினு கேட்டியாம்மா?" என்றார். ஆஸ்பத்திரியில் நான் பார்த்த அசிங்கங்களில் அதுதான் முதலிடம். "அந்தப் பையில எழுதிக்கீது, படிச்சிக்கோ மாமா" என்றேன். உண்மையாகவே பையைப் போய்ப் பார்த்தார். ஏ நெகட்டிவ் என்று மட்டும் இருந்தது.

ஏற்றும் முன் என் ரத்தத்தையும் பையின் ரத்தத்தையும் குழாயில் கலந்து பொருந்துகிறதா என்று இன்னொரு தரம் பார்த்தார்கள். முதல் கால்மணி நேரம் நர்ஸ் பக்கத்திலேயே நின்று நடுக்கம் வருகிறதா, முதுகு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெயரையும் என் வாயாலேயே சொல்லச் சொன்னாள். "உங்க பேரு?" "குமாரி." பக்கத்தில் நின்ற தனம் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டுக் குனிந்துகொண்டாள்.

ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்கு வந்தேன். தனம் அக்காவோடு பேச்சு நின்றது நின்றதுதான். தினமும் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் வரும். நான் அதைப் பூனைக்கு ஊற்றுவேன். அவளுக்கும் தெரியும். ஆனாலும் வரும்.

அட்டையைத் திருத்த மீனவர் சங்கத்துக்குப் போனேன். அங்கிருந்தவர், "இதுக்கு இன்னாத்துக்கு மனு? உன் அட்டைய அவங்க வெச்சிக்கட்டும், அவங்க அட்டைய நீ வெச்சிக்க" என்றார். அவர் முகத்தில் துப்பாமல் வந்தது என் சாமர்த்தியம். மனுமேல் மனு எழுதினேன். புது அட்டைக்கு எல்லாருக்கும் மறுபடியும் ரத்தம் பார்ப்பதாகப் போன மாதம் முகாம் போட்டார்கள்.

யமுனா அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எதிர்வீட்டுப் பெண் எழுந்து, "நான் நிக்கிறேன் அவ பேருக்கு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தனம் அக்கா அவளைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், முகாம் பந்தலே அடங்கிவிட்டது. பஸ் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் யமுனாவைக் கையோடு அழைத்து வந்தாள். வரிசையில் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "மொகத்த பாத்து, பேர கேட்டு, அப்பால குத்துங்க" என்று டெக்னீஷியனிடம் சொன்னாள்.

ஏ பாசிட்டிவ் என்று எழுதினார்கள். யமுனா விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். பத்தாம் வகுப்பு அறிவியலில் இந்தப் பாடம் இருக்கிறதாம்.

"அப்ப என் ரத்தத்தாலதானேம்மா உனக்கு அந்த எதிர்ப்பு வந்துச்சு? நான் பொறந்ததாலதானா தம்பிங்க செத்தாங்க?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தனம் அக்காதான் பேசினாள், ஊர் முழுக்கக் கேட்கும்படி.

"இல்ல கண்ணு. நீ இன்னா பண்ண? உங்கம்மா பேருக்கு நான் போயி நின்னேன். ஊசிக்குப் பயந்துகினு என் பேருக்கு உங்கம்மாவ நிக்க வெச்சேன். உங்கம்மாவுக்குப் போட வேண்டிய ஊசிய நான் போட்டுகினேன். உன் தம்பிங்கள துன்னது பெரிம்மாதான். அம்மா வயிறும் இல்ல, நீயும் இல்ல."

யமுனா அழுதாள். தனம் அக்கா அழவில்லை. என்னைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சாயந்திரமும் சுவருக்கு மேலே கிண்ணம் வந்தது. இறால் குழம்பு. சோறு போட்டுப் பிசைந்து தின்றேன். உப்பு தூக்கலாக இருந்தது. வழித்துத் தின்றேன்.

ஆனால் ஒன்று. அவள் சொன்னதில் முதல் பாதி இல்லை. அதை அவள் வேண்டுமென்றே விட்டாள். நானும் பந்தலில் அத்தனை பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆஸ்பத்திரி நாற்றத்தையெல்லாம்விட அந்த மௌனம்தான் இப்போது எனக்குக் குமட்டுகிறது. மேலே எழுதியதிலும் அதை மறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

யமுனா, நீ இதைப் படிப்பாய். முகாம் நடந்த அன்று பெரியம்மா தானாக என் பெயருக்குப் போய் நிற்கவில்லை. அவள் மாட்டேன், பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். "ஒரு ஊசிக்கு இன்னாக்கா பயம்? இன்னிக்கு என் பேருக்கு நீ நில்லு, நாளைக்கு உன் பேருக்கு நான் நிக்கிறேன்" என்று சொல்லி, என் சீட்டை அவள் கையில் திணித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்.